பச்சைக் குச்சிப் பாத்தி

அத்தியாயம் 14

சம்பந்தியம்மாக்கள் இருவரில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டு வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்பினார். பாதிப் பேர் டிரில் டீச்சர் கட்சி. மீதிப் பேர் மருந்துக்கடைம்மா கட்சி. ஒரே வீட்டிலிருந்து கணவன் ஒரு கட்சிக்கும் மனைவி இன்னொரு கட்சிக்கும் எழுதியிருக்கிறார்கள், அதுவும் ஒரே உறையில். தயவுசெய்து என்னால் உங்கள் வீட்டில் சண்டை வர வேண்டாம். நான் எந்தக் கட்சியும் இல்லை. எனக்குச் சிட்டுவின் கவலைதான்.

இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் அதற்குள் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வரலாம்.

சிட்டு ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் இருப்பவள். ஊரையெல்லாம் வண்டியேற்றி அனுப்பிவிட்டுத் தான் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள், போன வாரம் ரயில் ஓட்டும் பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டாள். பயிற்சி வேறு ஊரில், வருஷம் முழுக்க. வீட்டிலோ உருண்டை இருக்கிறான். இன்னும் நடக்க ஆரம்பிக்காத, பெயருக்கேற்ற பிள்ளை. அவள் கணவனைக் கல்யாணத்தன்று எல்லோரும் மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்; பெற்ற தாய் உட்பட யாரும் இன்னும் நிறுத்தவில்லை. அவனுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா டிரில் டீச்சர், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காலை முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். மதியத்துக்கு மேல் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போய்விடுவார். சிட்டுவின் அம்மா மருந்துக்கடைம்மாவுக்குக் காலை முழுக்கக் கடை. மதியத்துக்கு மேல் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. ஆகக் காலையில் இவரிடம், பிறகு அவரிடம். கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரே ஒரு இடத்தில்தான் உதைக்கிறது. நடுவில் பிள்ளையைக் கைமாற்ற வேண்டும். அதற்கு இருவரும் தினமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும்.

அது எப்படி நடக்கும்? கல்யாண விருந்தில் பெண் வீட்டார் முண்டியடிக்கிறார்கள் என்று நினைத்து, டிரில் டீச்சர் கைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதி, அத்தனை பேரையும் வரிசையில் நிற்க வைத்தார். வயதான பெரியவர்கள் கூட நின்றார்கள். மருந்துக்கடைம்மா சும்மா விடுவாரா? மறுநாளே ரத்தக்கொதிப்பு மாத்திரை ஓர் அட்டையைத் தபாலில் அனுப்பினார். மேலே, 'காலை ஒன்று, இரவு ஒன்று, விசில் ஊதத் தோன்றினால் இன்னொன்று' என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பயிற்சிக்கு வருகிறேன் அல்லது வரவில்லை என்று சிட்டு இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். காப்பி குடிக்கப் போனவர்கள் வந்துவிட்டீர்களா? கதைக்குப் போகலாம்.

*

யோசனை மாப்பிள்ளையுடையது. "உங்க வீடும் வேணாம், எங்க வீடும் வேணாம். யாருக்கும் சொந்தமில்லாத இடத்துல உக்காந்து சாப்பிடுவோம். வயிறு நிறைஞ்சா மனசு கொஞ்சம் இறங்கும்ல?" என்றான்.

அப்படித்தான் ஊருக்கு வெளியே இருந்த அந்தத் தோட்டத்து வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு இடம் சொல்லி வைத்தார்கள். எந்தக் காலத்திலோ பெரிய மனிதர் ஒருவர் காற்று வாங்கக் கட்டிய வீடு; இப்போது சாப்பாட்டு விடுதி. மாடி ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. கீழே பாதி சமையலறை, பாதி சாமான் அறை. சாப்பிடுவதெல்லாம் வெளியே மரத்தடியில்தான். மேசைக் கால்கள் மண்ணில் அமுங்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓட்டுத்துண்டு வைத்திருந்தார்கள். அப்படியும் மேசை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தேதான் இருந்தது.

மாப்பிள்ளையின் சின்னக் காரில் டிரில் டீச்சர் வந்து இறங்கினார். அந்தக் காரில் ஏற மாட்டேன் என்று மருந்துக்கடைம்மா சொல்லிவிட்டதால், சிட்டு வாடகைக் கார் பிடித்து அம்மாவையும் உருண்டையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்த காரைத் திருப்பி அனுப்பியாயிற்று.

மேசையின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். நடுவில் உயரமான நாற்காலியில் உருண்டை. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேருக்கு நடுவில் குழந்தை ஒன்று இருந்துவிட்டால் தந்தியாபீஸ் வைத்த மாதிரிதான்.

"உருண்டை, அந்தப் பக்கம் வெயில் அடிக்குது, பிள்ளை கண்ணு கூசும், நாற்காலியை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு," என்றார் மருந்துக்கடைம்மா.

"உருண்டை, வெயில் எலும்புக்கு நல்லதுன்னு மருந்து விக்கிறவங்களுக்கே தெரியலையான்னு கேளு," என்றார் டிரில் டீச்சர்.

உருண்டை ஸ்பூனைக் கடித்தான்.

அப்போதுதான் அந்தத் தோட்டத்து வீட்டுக்காரம்மா வந்தார். முழங்கை வரை மண், தலையில் துணிக்கட்டு, யாருக்கும் பயப்படாத முகம். இரண்டு கூடைகளையும் இரண்டு கத்தரிக்கோல்களையும் மேசை மேல் வைத்தார்.

"இங்க மெனு கார்டெல்லாம் கிடையாது. பின்னால பாத்தி இருக்கு. நீங்க பறிச்சுட்டு வர்றதைத்தான் நாங்க சமைப்போம். சிவப்புக் குச்சி நட்ட பாத்தின்னா பறிக்கலாம், விளைஞ்சாச்சு. பச்சைக் குச்சி நட்டது இன்னும் வளரணும், அதுல மட்டும் கை வெக்காதீங்க."

இதை அவர் சொன்னபோது, பிள்ளையின் தொப்பியை மருந்துக்கடைம்மா கண் வரை இழுத்துவிட்டுக் கொண்டிருந்தார். டிரில் டீச்சர் அதை மறுபடி நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக் கொண்டிருந்தார். சிட்டு கைப்பையில் பால் புட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஒருவன்தான் முழுசாகக் கேட்டான். எல்லோரும் கேட்டிருப்பார்கள் என்று அவனும் நினைத்துக்கொண்டான்.

"நான் போய்ப் பறிச்சுட்டு வரேன்," என்று டிரில் டீச்சர் ஒரு கூடையைத் தூக்கினார்.

"உருண்டை, நானும்தான் போறேன்னு சொல்லு," என்று மருந்துக்கடைம்மா மற்றதைத் தூக்கினார்.

*

மருந்துக்கடையில் சிவப்புக் கோடு போட்ட அட்டை என்றால் டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாது. இது மருந்துக்கடைம்மாவுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். மைதானத்தில் சிவப்புக் கொடி என்றால் நில், பச்சைக் கொடி என்றால் ஓடு. இது டிரில் டீச்சருக்கு எலும்பில் ஊறிய விஷயம். ஆகப் பின்பக்கம் போய்ச் சேர்ந்த இருவரும் சிவப்புக் குச்சியைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டார்கள். பழுத்துத் தொங்கிய தக்காளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பச்சைக் குச்சிப் பாத்திக்குள் இறங்கினார்கள்.

சம்பந்தம் செய்துகொண்ட நாள் முதல் இந்த இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள் என்றால் அது இந்தத் தப்பில்தான்.

அதோடு விட்டார்களா? ஒருவர் ஒரு கைப்பிடி அவரைப் பிஞ்சு பறித்தால் மற்றவர் இரண்டு கைப்பிடி பறித்தார். டிரில் டீச்சர் முழங்காலை மடக்காமல் குனிந்து, ஒரு வரிசை முழுக்கக் காலி செய்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். மருந்துக்கடைம்மா அவசரப்படாமல் சின்னது, பெரியது என்று பிரித்துப் பிரித்து அடுக்கினார். பச்சைத் தக்காளி, விரல் நீள வெள்ளரி, கைக்குள் அடங்கும் பூசணிப் பிஞ்சு என்று ஒன்றும் பாக்கியில்லை.

மேசையில் சிட்டு உருண்டைக்குப் பால் கொடுத்துக் கொண்டிருந்தாள்.

"யாரு முதல்ல பேசறது, நீங்களா நானா?"

"பாத்துக்கலாம்," என்றான் மாப்பிள்ளை. அவன் எதற்கும் சொல்லும் பதில் அதுதான்.

"ஏங்க, இன்னைக்குச் சாயங்காலம் கெடு. இப்பவும் பாத்துக்கலாமா?"

"சாப்பாடு வரட்டும் சிட்டு. பசியில கேட்டா ரெண்டு பேரும் கடிச்சுத் துப்பிடுவாங்க."

சிட்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "வண்டி வர்றப்பல்லாம் என் கவுன்டர் கண்ணாடி அதிரும். சில்லறைத் தட்டு நகராம கையை வெச்சு அமுக்கிட்டு உக்காந்திருப்பேன். இத்தனை வருஷமா அந்த அதிர்வு மட்டும்தான் எனக்குக் கிடைச்சுது. ஒரு தடவையாவது முன்னால உக்காந்து அதை நான் கிளப்பணும்ங்க. வேற ஒண்ணும் கேக்கல."

மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் 'பாத்துக்கலாம்' என்று சொல்ல அவனுக்கே வாய் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பின்பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

"நான்தான் முதல்ல பாத்தேன்."

"பாத்தா ஆச்சா? கை வெச்சது நான்."

பாத்தியில் மிச்சமிருந்த கடைசிப் பூசணிப் பிஞ்சு. ஒரு பக்கம் இவர் கை, ஒரு பக்கம் அவர் கை. இத்தனை நாள் கழித்து இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது இப்படித்தான் ஆரம்பித்தது. சந்தோஷப்படலாம் என்று பார்த்தால் பேச்சு போன திசை சரியில்லை.

"மத்தவங்க மேல அதிகாரம் பண்றது உங்களுக்குப் புதுசா என்ன? ஊர் ஜனம் முன்னாடி எங்க பெரியப்பாவை விசில் ஊதி நிக்க வெச்சவங்கதானே நீங்க."

"நிக்க வெக்காம? அந்தத் தள்ளுமுள்ளுல உங்க பெரியப்பாதான் முதல்ல விழுந்திருப்பாரு. நல்லது பண்ணா இப்படித்தான் பேரு வரும்."

"நல்லது பண்ண வாய் இல்லையா? நகருங்கன்னு சொன்னா போதாதா?"

"நீங்க மாத்திரை அனுப்பினீங்களே, அதைத் தபால்காரர் படிச்சுட்டுச் சிரிச்சாரு. எங்க தெருவே சிரிச்சுது. என்கிட்ட படிச்ச பசங்க கூட, 'டீச்சர், இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா'ன்னு கேட்டாங்க. தெரியுமா உங்களுக்கு?"

மருந்துக்கடைம்மாவுக்கு இது தெரியாது. தெரியாததால் இன்னும் கோபம் வந்தது. "அப்ப ஒண்ணு கேட்டுக்கோங்க. பிள்ளையை வாங்க நான் உங்க வாசல்ல வந்து நிப்பேன்னு கனவுல கூட நினைக்காதீங்க."

"யாரு கூப்பிட்டா? நானும் உங்க கடைப்படி ஏற மாட்டேன்."

கடைசி இரண்டு வாக்கியங்களும் சிட்டுவின் காதில் தெளிவாக விழுந்திருந்தன. எழுந்தாள். உருண்டையைக் கணவன் மடியில் வைத்தாள்.

"கை கழுவிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு வீட்டின் மறுபக்கம் போனாள்.

அங்கே மேசை விரிப்புகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு விரிப்புகளுக்கு நடுவில் போய் நின்று, பயிற்சிக்கு ஆள் எடுக்கும் உள்ளூர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"என்னால வர முடியாது சார்."

"உறுதியாச் சொல்றீங்களா? காத்திருக்கறவங்க லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க."

"உறுதிதான் சார். கூப்பிட்டுக்கோங்க."

போனை வைத்தாள். அழுகை வரவில்லை. அந்த வண்டியில் இடமில்லை, அடுத்த ஆள் வாங்க என்று கவுன்டரில் தினமும் சொல்லும் அதே குரலில் தனக்கே சொல்லிக்கொண்டுவிட்டோமே என்று அவமானமாக இருந்தது. அதன் பிறகுதான் அழுதாள். காய்ந்துகொண்டிருந்த மேசை விரிப்பு கைக்கு வாட்டமாக இருந்தது.

*

அங்கே நின்றதால் பாத்தியில் நடந்ததைச் சிட்டு பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள்.

சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரம்மா முதலில் கூடைகளைப் பார்த்தார். பிறகு மொட்டையாக நின்ற பாத்தியைப் பார்த்தார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"இது அடுத்த மாசத்துக்கு வெச்சிருந்தது," என்றார். "சிவப்பைத்தானே பறிக்கச் சொன்னேன்?"

சம்பந்திகள் இருவரும் குச்சிகளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

வீட்டுக்காரம்மாவின் பார்வை டிரில் டீச்சரின் கூடையில் நின்றது. அதுதான் குவிந்து வழிந்தது. எழுந்து வந்தார்.

"படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. சொன்னது காதுல விழலையா? ஒரு கூடையில இவ்வளவா? இந்த வயசுல என்ன பேராசை உங்களுக்கு? வீட்டுல சோறு போட மாட்டாங்களா?"

டிரில் டீச்சர் வாழ்நாள் முழுக்கத் திட்டியே பழகியவர். திட்டு வாங்கிப் பழக்கமில்லை. காது மடல் இரண்டும் சிவந்துபோயின. கூடையைக் கீழே வைப்பதா, கையிலேயே வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றார்.

மருந்துக்கடைம்மாவுக்கு வெல்லமாக இனித்திருக்க வேண்டிய காட்சி. கல்யாண நாளிலிருந்து இதற்காகத்தானே காத்திருந்தார். ஆனால் இனிக்கவில்லை. விசில் ஊதி ஊரையே நிற்க வைத்தவர் கூடையோடு விழித்து நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்சம் நிறுத்துங்கம்மா," என்றார். "இங்க ரெண்டு கூடை இருக்கு. ஒருத்தரை மட்டும் வெச்சு வாங்கறீங்க. சாப்பாட்டுக்கு வழியில்லாதவங்கன்னா எங்க சம்பந்தியை நினைச்சீங்க? தப்புதான், பெரிய தப்புதான். ரெண்டு பேரும் சேந்து பண்ணோம். திட்டறதுன்னா என்னையும் சேத்துத் திட்டுங்க."

வீட்டுக்காரம்மா இப்படி ஒரு விண்ணப்பத்தை எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்கு வைத்திருந்த மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

"பறிச்சதைக் குப்பையில கொட்டற பழக்கம் இங்க இல்ல," என்றார். "சமைச்சுக் கொண்டுவரச் சொல்றேன். எப்படி இருந்தாலும் சாப்பிட்டுட்டுத்தான் எழுந்திரிக்கணும்." இரண்டு கூடைகளையும் வாங்கிக்கொண்டு போனார்.

டிரில் டீச்சர் மெதுவாகக் கேட்டார். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? வெளியாள் திட்டுவாங்க, நான் நின்னு வேடிக்கை பாக்கணுமா? உங்களைத் திட்டற உரிமை எனக்கு மட்டும்தான் இருக்கு."

டிரில் டீச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"அந்தத் தபால் விஷயம்," என்றார் மருந்துக்கடைம்மா. "பசங்க கிண்டல் பண்ணாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. உறையில போட்டு ஒட்டியாவது அனுப்பியிருக்கணும். அது என் தப்பு."

"உங்க பெரியப்பாகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்," என்றார் டிரில் டீச்சர். "வயசானவரு. வரிசையில கடைசியா நின்னாரு. அன்னைக்கு ராத்திரியே எனக்கு உறுத்துச்சு. வந்து சொல்ல வாய் வரல."

*

சாப்பாடு வந்தது. சூப், ரொட்டி, எண்ணெயில் வதக்கிய பச்சைத் தக்காளி, வெள்ளரிப் பிஞ்சுத் துண்டுகள். சமையல்காரர் தன்னாலானதைச் செய்திருந்தார். விளையாத காயை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார்?

மாப்பிள்ளை ஒரு துண்டு தக்காளியை வாயில் போட்டான். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. அம்மாவும் அத்தையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மற்ற கண்ணும் மூடிவிடும் போலிருந்தது. வாயைத் திறந்தால் எல்லாம் கெட்டுவிடுமோ என்று திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"புளிக்குதா சம்பந்தி?" என்றார் டிரில் டீச்சர், முகத்தில் ஒரு தசையைக்கூட அசைக்காமல்.

"இல்லையே. நல்லாத்தானே இருக்கு," என்றார் மருந்துக்கடைம்மா, கண்ணில் தண்ணீர் கட்ட.

"பொய்."

"ஆமா, பொய்தான். பல்லெல்லாம் கூசுது." மருந்துக்கடைம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் புரையேறியது. டிரில் டீச்சர் அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். கொஞ்சம் பலமாகவே தட்டினார், பழக்க தோஷம்.

"உங்க நீச்சல் குளம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் மருந்துக்கடைம்மா, இருமல் நின்றதும்.

"பேருந்து நிலையத்துக்குப் பின்னால."

"அங்கிருந்து எங்க கடைக்கு ரெண்டு தெரு தாண்டினா போதுமே."

"அப்ப நான் குளத்துக்குப் போறப்ப உருண்டையைக் கடையில விட்டுட்டுப் போறேன்."

"கடைப்படி ஏற மாட்டேன்னீங்க?"

"கோபத்துல ஆயிரம் சொல்லுவாங்க. உக்கார ஒரு நாற்காலி போட்டு வைங்க. எனக்கு முழங்கால் வலி."

"முழங்காலுக்கு நல்ல தைலம் வந்திருக்கு. தபால்ல அனுப்ப மாட்டேன், கையிலயே குடுக்கறேன்."

சிட்டு முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது இருவரும் உருண்டையின் தூக்க நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நேருக்கு நேர், பிள்ளையைத் தந்தியாக்காமல். அவள் நாற்காலியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"வந்துட்டியா? உக்காரு," என்றார் அம்மா. "எல்லாம் பேசி முடிச்சாச்சு. காலையில அத்தை பாத்துப்பாங்க. மதியம் குளத்துக்குப் போற வழியில கடைக்குக் கொண்டுவந்து விடுவாங்க. நீ பெட்டியைக் கட்டு."

"ரயிலை ஓட்டறப்ப முதுகு நேரா வெச்சு உக்காரணும்," என்றார் அத்தை. "இப்பவே சொல்லிட்டேன். கவுன்டர்ல கூன் போட்டு உக்காந்து உக்காந்து கெட்டுப் போயிருக்க."

மாப்பிள்ளைதான் சிட்டுவின் அழுத கண்ணைப் பார்த்தான்.

"என்ன ஆச்சு சிட்டு?"

"நான் வேணாம்னு சொல்லிட்டேன்," என்றாள். "இப்பத்தான் போன் பண்ணி. அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கோங்கன்னு சொல்லிட்டேன்."

உருண்டை ரொட்டியைத் தரையில் போட்டான். யாரும் எடுக்கவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றான் மாப்பிள்ளை. அதுவரை அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? பாத்துக்கலாம்னு சொல்லியிருப்பீங்க. அங்க ரெண்டு பேரும் அப்படிச் சண்டை போட்டாங்க, வாசல்ல நிக்க மாட்டேன், படி ஏற மாட்டேன்னு. என்னால அதைக் கேட்டுட்டு உக்காந்திருக்க முடியலங்க."

அவள் சொன்னது சரிதான் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். பெரியவர்கள் இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் வீம்பு எங்கே போய் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. மருந்துக்கடைம்மாவுக்கு மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கூசியது.

முதலில் அசைந்தது டிரில் டீச்சர். "நம்பரைப் போடு," என்றார்.

"அத்தை, இனிமே போன் பண்ணி என்ன?"

"போடும்மா."

போட்டாள். டிரில் டீச்சர் போனை வாங்கினார். மைதானத்துக் குரலில் ஆரம்பிப்பார் என்று எல்லோரும் பயந்தார்கள். அவர் ஆரம்பித்தது வேறு மாதிரி.

"சார், வணக்கம். கொஞ்சம் முன்னாடி வர முடியாதுன்னு ஒரு பொண்ணு போன் பண்ணுச்சே, அவ என் மருமக. வீட்டுப் பெரியவங்க நாங்க பண்ண தப்புல அவ அப்படிச் சொல்லிட்டா. அவளுக்கு வரணும்னுதான் ஆசை. ஏதாவது பண்ண முடியுமா சார்?"

மறுமுனையில் பேச்சு நீண்டது. டிரில் டீச்சர் 'ம்', 'ம்' என்று கேட்டுக்கொண்டே சிட்டுவைப் பார்த்தார். மருந்துக்கடைம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

போனை வைத்ததும் டிரில் டீச்சர் எழுந்தார். "அந்த ஆளு இன்னும் அதிகாரிகிட்ட சொல்லலையாம். ஆனா போன்ல சொன்னதை போன்லயே மாத்த முடியாதாம். இவளே நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும், ஆபீஸ் மூடறதுக்குள்ள. அதுக்குள்ள அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டா தன் கையில ஒண்ணும் இல்லைன்னு சொல்றாரு."

"போய்ச் சேர முடியுமா?" என்றார் மருந்துக்கடைம்மா.

மாப்பிள்ளை அதற்குள் கார்ச் சாவியோடு நின்றுகொண்டிருந்தான். "கிளம்புங்க," என்றான். "வாங்கன்னா வாங்க. பேசிட்டு நிக்க நேரமில்ல."

வீட்டுக்காரம்மா ரொட்டிக் கூடையோடு எதிரே வந்தார். என்ன ஏது என்று மாப்பிள்ளை இரண்டே வார்த்தையில் சொன்னான். "சரி, ஓடுங்க," என்றார் அவர். "ஆனா இந்த ரெண்டு அம்மாவும் அடுத்த வாரம் வந்து அந்தப் பாத்தியை மறுபடி நட்டுக் குடுத்துட்டுப் போகணும். விட மாட்டேன்."

"வரோம்," என்றார்கள் இருவரும், ஓடிக்கொண்டே.

இப்போது இருப்பது ஒரே கார். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பிவிட்டான். சிட்டு முன்கதவைத் திறந்து கைப்பை, பால் புட்டி, தொப்பி எல்லாவற்றையும் உள்ளே திணித்தாள். பின்சீட்டில் மருந்துக்கடைம்மா முதலில் ஏறி நகர்ந்து உட்கார்ந்தார். உருண்டை டிரில் டீச்சரின் இடுப்பில் இருந்தான். அவனை வைத்துக்கொண்டு அந்தச் சின்னக் காருக்குள் குனிந்து நுழைய அவரால் முடியவில்லை.

"பிடிங்க சம்பந்தி," என்று நீட்டினார்.

மருந்துக்கடைம்மா இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். கழுத்துக்கு ஒரு கை, அடியில் ஒரு கை. பிள்ளை இந்த மடியிலிருந்து அந்த மடிக்குப் போய்ச் சேர்ந்து, புது மடியில் ஒருமுறை புரண்டு, வசதியாகச் சாய்ந்துகொண்டான். பிறகு டிரில் டீச்சர் ஏறிக் கதவைச் சாத்தினார். செய்தது இன்னதென்று இருவருக்குமே தெரியவில்லை. ஆபீஸ் எந்த வழியில் போனால் கிட்டே என்று அதற்குள் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது.

சிட்டுவுக்குத் தெரிந்தது. முன்கதவைப் பிடித்தபடி, பின்கதவுக் கண்ணாடி வழியாக அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி இன்னும் நின்னுட்டிருக்க?" என்றார் மருந்துக்கடைம்மா. "பிள்ளையை நாங்க பாத்துக்கறோம். நீ ஏறு, ஆபீஸை மூடிடப் போறாங்க."

சிட்டு ஏறினாள்.